ரைட் வீட்டுப் போதகர் – 4: அம்மா வழி வந்த ஊர்கள்

1830ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் மில்டன் ரைட் என்ற பெயரைத் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அவருக்கு அப்போது ஒன்றரை வயது. இந்தியானா மாநிலத்தின் ரஷ் கவுன்ட்டியில், காட்டை வெட்டித் திருத்திய நிலத்தில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தார். கணக்கெடுக்க வருபவர் குடும்பத் தலைவரின் பெயரை மட்டும்தான் அன்று எழுதிக்கொள்வார். மனைவி, பிள்ளைகள், உடன் தங்கியிருப்பவர்கள் எல்லோரும் வயதுவாரியாகப் பிரித்த கட்டங்களில் வெறும் எண்கள். ஐந்து வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளுக்கென்று ஒரு கட்டம் உண்டு; மில்டன் அதற்குள் அடங்கிப்போனார். அவரைப் பெற்றவளும் இன்னொரு கட்டத்தில் இன்னோர் எண்.

வீட்டிலிருந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிப் பதியும் வழக்கம் 1850இல்தான் வந்தது. அதுவும் சுதந்திரமானவர்களுக்கு மட்டும். அடிமைகளாக இருந்தவர்களுக்குத் தனித் தாள். அதில் வயது, பால், நிறம், உடையவரின் பெயர், அவ்வளவே. யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டு எழுதத் தொடங்க இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. 1890ஆம் ஆண்டுக் கணக்கோ 1921இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் பாழாகி, ஏறக்குறைய முழுவதும் இல்லாமல் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கிராமத்துக் குடும்பம் ஒன்றின் கொடிவழியைத் தேடிப் போகிறவருக்குச் சர்க்கார் தாள்கள் தரும் உதவி இவ்வளவுதான்.

மில்டன் ரைட் விஷயத்தில் அதிர்ஷ்டம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அவரே எழுதி வைத்தார். 1857 முதல் 1917இல் இறக்கும் வரை அறுபது ஆண்டுகள் நாட்குறிப்பு. வானிலை, எத்தனை மைல் பயணம், எந்த வசனத்தின் மேல் பிரசங்கம், யார் வீட்டில் சாப்பாடு, யாருக்குக் கடிதம் என்று சுருக்கமான வரிகள். உணர்ச்சியைக் கொட்டி எழுதும் வழக்கமே அவரிடம் இல்லை. ஆனால் குடும்ப வரலாறு தேடுகிறவனுக்கு 'யார் வீட்டில் சாப்பிட்டார்' என்ற ஒரு வரி போதும். அந்த வீட்டில் ஒரு சித்தப்பாவோ, பெரியம்மா பெண்ணோ இருப்பார்கள். சபை ஊழியத்துக்காக ஊர் ஊராகப் போனவர், போன இடத்திலெல்லாம் சொந்தக்காரர்களைத் தேடிப் பார்த்தார், பிறந்த தேதியும் இறந்த தேதியும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பின்னாளில் வில்பர், ஆர்வில் என்ற இரண்டு பிள்ளைகள் பறக்கும் இயந்திரம் செய்து உலகப் புகழ் பெற்றார்கள் என்பதால், அந்தக் குடும்பத்துக் காகிதங்களும் குப்பைக்குப் போகாமல் தப்பின. ஒஹாயோவின் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அவற்றை இன்றும் பார்க்கலாம்.

தந்தைவழி எல்லோரும் சொல்லும் கதை. அதை விரைவாகவே கடந்துவிடலாம்.

மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற குடியேற்றத்தில் 1630களின் இறுதியிலிருந்து சாமுவேல் ரைட் என்பவர் இருக்கிறார். சபையில் உதவிக்குருவாக இருந்தவர். 1652இல் அந்த ஊர்ப் போதகர் ஜார்ஜ் மாக்ஸன் இங்கிலாந்துக்கே திரும்பிப் போய்விட்டபோது, ஞாயிறு ஆராதனையை நடத்தும் பொறுப்பு சாமுவேலிடம் வந்தது. பிறகு நார்தாம்ப்டனுக்குக் குடிபெயர்ந்தார். 1665இல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூக்கத்தில் உயிர் பிரிந்ததாக ஊர்ப் பதிவு சொல்கிறது. முறைப்படி குருப்பட்டம் பெறாமலே பிரசங்கம் செய்த ஒருவர், இரண்டு நூற்றாண்டுக்குப் பின் வந்த போதகருக்கு முன்னோர் என்பது கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது.

சில வாழ்க்கை வரலாறுகள் இதோடு நிற்பதில்லை. எசெக்ஸில் 1538இல் கெல்வெடன் மாளிகையை வாங்கிய ஜான் ரைட் என்ற பிரபு வரைக்கும் கோடு இழுத்துவிடுகின்றன. இந்தத் தொடர் அந்தக் கடைசிப் பாய்ச்சலை ஏற்கவில்லை. ரைட் என்பது இங்கிலாந்தில் மூலைக்கு மூலை இருக்கிற பெயர். சாமுவேல் என்பது தூய்மைவாதக் குடும்பங்களில் வீட்டுக்கு வீடு வைத்த பெயர். ஒரே பெயர் இரண்டு இடங்களில் இருப்பது இருவரும் ஒருவரே என்பதற்குச் சாட்சியாகாது. அட்லாண்டிக்கைக் கடக்கும் இடத்தில்தான் அமெரிக்கக் கொடிவழிகள் பெரும்பாலும் அறுந்துபோகின்றன. அறுந்ததை அறுந்தது என்று விட்டுவிடுவதே நேர்மை.

சாமுவேலின் வழிவந்த டான் ரைட் சுதந்திரப் போரில் சாரடோகா களத்தில் நின்றவர். அவருடைய மகனுக்கும் டான் என்றே பெயர். இந்த இளைய டான் 1790இல் வெர்மான்ட் மாநிலத்தின் தெட்ஃபோர்டில் பிறந்தார்; குடும்பம் மேற்கே நகர நகர அவரும் நகர்ந்து ஒஹாயோ வந்து சேர்ந்தார். 1818இல் கேதரின் ரீடர் என்ற பெண்ணை மணந்தார். 1823இல் இருவரும் ரஷ் கவுன்ட்டிக்குப் போனார்கள். அங்கே நிலம் கிடைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1818ஆம் ஆண்டு செயின்ட் மேரிஸ் உடன்படிக்கையில் லெனாபே மக்கள் நடு இந்தியானாவைக் கைவிட்டு வெளியேற ஒப்புக்கொள்ள வைக்கப்பட்டார்கள். காலியான காட்டைச் சர்க்கார் அளந்து, ஏக்கர் ஒன்றேகால் டாலருக்கு விற்றது. மில்டன் பிறந்த மரவீடு நின்ற மண்ணின் பூர்வகதை இது.

டான் ரைட் அதிகம் பேசாத மனிதர். சாராயம் காய்ச்சுகிறவர்களுக்குத் தம் வயலில் விளைந்த சோளத்தை விற்க மறுத்தார். அடிமை முறையை உரக்கக் கண்டிக்கும் சபை எதுவும் அக்கம்பக்கத்தில் இல்லை என்பதால், பக்தி இருந்தும் எந்தச் சபையிலும் சேராமலே இருந்தார். மில்டனுக்கு 1843இல், பதினைந்து வயது நிரம்புவதற்குள், வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது மனம் திரும்பியது. 1847இல் யுனைடெட் பிரதரன் சபையில் சேர்ந்தார். ஜெர்மன் பேசும் குடியானவர்களிடையே தோன்றி வளர்ந்த சபை அது. அடிமை முறை, மது, ரகசியச் சங்கங்கள் மூன்றுக்கும் எதிரி. அப்பாவின் மனசாட்சிக்கு ஏற்ற சபையைப் பிள்ளை கண்டுபிடித்துக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும். தம் இருபத்திரண்டாவது பிறந்தநாளில், 1850 நவம்பர் 17 அன்று, முதல் பிரசங்கம் செய்தார்.

இந்த இடத்தில் பெரும்பாலான நூல்கள் மில்டனோடு குதிரையேறி முன்னே போய்விடும். இந்த அத்தியாயம் பின்னே போகிறது, அவருடைய அம்மா வழியில். இரண்டு பெண்கள் கொண்டுவந்து சேர்த்த உறவுகளைப் பார்க்காமல் ரைட் குடும்பத்தைப் புரிந்துகொள்ள முடியாது. ஒருத்தி அம்மா கேதரின் ரீடர். இன்னொருத்தி மனைவி சூசன் கெர்னர்.

கேதரின் ரீடரின் அம்மா பெயர் மார்கரெட் வான் கிளீவ். டச்சு வம்சத்துக் குடும்பம். நியூ ஜெர்சியின் மன்மத் கவுன்ட்டியில் வாழ்ந்தது. மார்கரெட்டின் தந்தை ஜான் வான் கிளீவ் 1790 ஜனவரியில் மனைவி கேதரின் பெனமையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒஹாயோ ஆற்றங்கரைக்கு, இன்றைய சின்சினாட்டிக்கு வந்தார். அப்போது அது ஒரு கோட்டையும் அதைச் சுற்றிக் குடிசைகளும் மட்டும். ஆற்றுக்கு வடக்கே இருந்த நிலம் தங்களுடையது என்று மியாமி, ஷானி முதலான மக்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். 1791 ஜூன் 1 அன்று ஊரை ஒட்டிய வயலில் வேலை செய்தபோது ஜான் வான் கிளீவ் கொல்லப்பட்டார்.

விதவையான கேதரின் பெனம், சாமுவேல் தாம்சன் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். மூத்த மகன் பெஞ்சமினுக்கு வயது பதினெட்டு. தந்தை வைத்துவிட்டுப் போன கடன், தம்பி தங்கைகள், எல்லாம் அவன் தலைமேல். அதே ஆண்டு நவம்பர் 4 அன்று செயின்ட் கிளேர் தளபதியின் படை பூர்வகுடிகளிடம் படுதோல்வி அடைந்து சிதறியபோது பெஞ்சமின் அந்தக் களத்தில் இருந்தான். படைக்குச் சாமான் கொண்டுபோகும் பிரிவில் கூலிக்குப் போயிருந்தவன். உயிர் தப்பி ஓடிவந்ததைப் பின்னாளில் தன் பிள்ளைகளுக்காக எழுதி வைத்தான். அந்த நினைவுக் குறிப்பு 1922இல் ஒஹாயோவில் அச்சாகியும் வந்திருக்கிறது.

1795 ஆகஸ்டில் கிரீன்வில் உடன்படிக்கை கையெழுத்தானது. தெற்கு ஒஹாயோ குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. அடுத்த வசந்தத்திலேயே சின்சினாட்டியிலிருந்து ஒரு கூட்டம் வடக்கே கிளம்பியது. இரண்டு பிரிவினர் தரைவழி. ஒரு பிரிவினர் கிரேட் மியாமி ஆற்றில் படகு வழி. படகில் தாம்சன் தம்பதியும் பிள்ளைகளும் பெஞ்சமினும் இருந்தார்கள். நீரோட்டத்தை எதிர்த்துப் படகைக் கழியால் உந்தித்தான் கொண்டுபோக வேண்டும். ராத்திரி கரையில் தங்கல். பத்து நாளுக்கும் மேல் இப்படிப் போய், 1796 ஏப்ரல் 1 அன்று ஆறுகள் கூடும் ஓரிடத்தில் கரையேறினார்கள். தரைவழி வந்தவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. டேட்டன் நகரத்தின் வரலாறு அந்தக் கரையேற்றத்திலிருந்து தொடங்குகிறது. அங்கே முதலில் கால் வைத்த வெள்ளைக்காரப் பெண் என்று ஊரார் கேதரின் பெனமையே சொல்கிறார்கள்.

இந்தக் கேதரின் பெனம் யார்? மில்டன் ரைட்டின் பூட்டி. அம்மாவைப் பெற்றவளைப் பெற்றவள். மகள் மார்கரெட் மட்டும் கணவர் ஜார்ஜ் ரீடரோடு சின்சினாட்டியிலேயே தங்கிவிட்டாள். 1800இல் அவளுக்குப் பிறந்த பெண்தான் மில்டனின் அம்மா. ஆகவே பெஞ்சமின் வான் கிளீவ் மில்டனின் அம்மாவுக்குத் தாய்மாமன். தமிழ் வாசகருக்கு அந்த உறவின் கனத்தை விளக்க வேண்டியதில்லை. அந்தத் தாய்மாமன் 1799இல் டேட்டனின் காவல்கூடத்தில் பள்ளிக்கூடம் நடத்தினார்; ஊரின் முதல் அஞ்சல் அதிகாரியானார்; கவுன்ட்டி எழுத்தராக இருந்தார்; 1805இல் ஊருக்கென்று நூலகச் சங்கம் அமைந்தபோது புத்தகங்களைப் பார்த்துக்கொண்டவரும் அவரே. 1821இல் இறந்தார்.

எதையும் எழுதி வைக்கும் குணம், புத்தகத்தின் மேல் பற்று, கணக்கை நேராக வைத்திருக்கும் பிடிவாதம்: மில்டனிடம் எல்லோரும் வியக்கும் இவை மூன்றும் இந்த மாமன் வீட்டில் அப்படியே இருந்தன. குணம் ரத்தத்தில் வருகிறது என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் படிப்பும் எழுத்தும் உள்ள வீட்டில் பிறந்த பெண், காட்டு நிலத்தில் மரவீட்டுக்கு மருமகளாகப் போனபோது அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோயிருப்பாள் என்று நினைப்பதில் தவறில்லை. ரைட் என்ற குடும்பப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடியிருந்தால் பெஞ்சமின் வான் கிளீவ் கண்ணிலேயே பட்டிருக்கமாட்டார். திருமணத்தோடு பெண்ணின் பிறந்தவீட்டுப் பெயர் பதிவேட்டிலிருந்து மறைந்துவிடுகிற நாட்டில் எத்தனை குடும்பங்கள் இப்படிப் பாதியாக எழுதப்பட்டிருக்கும்!

1869இல் சபை மில்டனைத் தன் வாரப் பத்திரிகையான 'ரிலிஜியஸ் டெலஸ்கோப்'பின் ஆசிரியராக நியமித்தது. பத்திரிகை அலுவலகம் இருந்த ஊர் டேட்டன். பூட்டி படகிலிருந்து இறங்கி 73 ஆண்டுகள் கழித்து, வேலையின் பொருட்டு அதே ஊருக்குக் கொள்ளுப்பேரன் வந்து சேர்ந்தார். ஆர்வில் பிறந்தது அங்கேதான். 'டேட்டன் பிள்ளைகள்' என்று உலகம் கொண்டாடிய சகோதரர்களுக்கு அந்த ஊரோடு இருந்த பாத்தியதை, ஊர் பிறந்த நாளிலிருந்தே வருகிறது.

இனி சூசன்.

1853 வாக்கில் இந்தியானாவின் ஹார்ட்ஸ்வில் என்ற சிற்றூரில் சபை நடத்திய கல்லூரியில் மில்டன் அவரைச் சந்தித்தார். பெண்கள் கல்லூரிக்குப் போவது அரிதாக இருந்த காலத்தில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தவர். 1831இல் வர்ஜீனியாவின் லவுடன் கவுன்ட்டியில் பிறந்தவர். தந்தை ஜான் கெர்னர் ஜெர்மனியிலிருந்து வந்த வண்டி செய்யும் தச்சர். குடும்பம் பிறகு இந்தியானாவின் யூனியன் கவுன்ட்டிக்கு வந்து நிலம் வாங்கியது. பண்ணையிலேயே பட்டறை, அதில் காலால் மிதித்து ஓட்டும் கடைசல் எந்திரம். சூசன் அந்தப் பட்டறையில் அப்பா பக்கத்தில் நின்று வளர்ந்தவர். உளி பிடிக்கவும் மூட்டு பொருத்தவும் அவருக்குத் தெரியும்.

மில்டனுக்கோ ஆணி அடிக்க வராது. இது குடும்பத்தார் சொல்லிச் சிரித்த விஷயம். வீட்டுக்கு வேண்டிய சின்னச் சின்னக் கருவிகளைச் சூசனே செய்துகொண்டார். மூத்த பிள்ளைகளுக்குப் பனியில் சறுக்கும் வண்டி ஒன்றைத் தம் கையாலேயே செய்து கொடுத்தார். எதையாவது பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி பூட்டத் தெரியாமல் விழித்தால் பிள்ளைகள் ஓடியது அம்மாவிடம்தான். வில்பரும் ஆர்விலும் மரச் சட்டத்தை வளைத்து இறக்கை கட்டிய கைத்திறனுக்கு வேர் தேடினால், பிரசங்க மேடையில் கிடைக்காது; யூனியன் கவுன்ட்டி வண்டிப்பட்டறையில் கிடைக்கும்.

மில்டன், சூசன் திருமணம் எளிதில் நடக்கவில்லை. 1857இல் சபை மில்டனை ஆரிகனுக்கு ஊழியத்துக்கு அனுப்பியது. கூடவே வரச் சொல்லி சூசனைக் கேட்டார். அவர் காத்திருப்பதாகச் சொன்னார். மில்டன் கப்பலேறி, பனாமாவைக் குறுக்கே ரயிலில் கடந்து, அங்கே பிடித்த காய்ச்சலோடு மேற்குக் கரை போய்ச் சேர்ந்தார். நாட்குறிப்பு அந்தப் பயண ஆண்டில்தான் தொடங்குகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, 1859 நவம்பர் 24 அன்று சூசனைக் கைப்பிடித்தார். மணமகனுக்கு 31 வயது, மணமகளுக்கு 28. அந்தக் கால கிராமத்துக் கணக்கில் இருவருமே வயது கடந்தவர்கள்.

போதகர் குடும்பத்தின் கொடிவழியை எழுதுவதில் ஒரு தனிச் சிரமம், குடும்பம் ஒரு ஊரில் நிற்காது. சபை மாநாடு கூடும்போதெல்லாம் புதிய வட்டாரம், புதிய வாடகை வீடு. மூத்த மகன் ரூக்லின் 1861இல் இந்தியானாவில் பிறந்தார், அடுத்தவர் லோரின் அதே மாநிலத்தில் 1862இல். வில்பர் 1867 ஏப்ரல் 16 அன்று மில்வில் அருகே ஒரு பண்ணையில். அப்போது இந்தியானாவில் பிறப்பைப் பதியும் சட்டமே கிடையாது. கவுன்ட்டி அலுவலகங்கள் 1882இல்தான் அந்த வேலையைத் தொடங்கின. விமானம் செய்து பறந்த சகோதரர் இருவரில் மூத்தவரின் பிறந்தநாளை நாம் அறிவது வீட்டார் எழுதி வைத்ததால்தான்.

பெயர் சூட்டுவதிலும் மில்டனின் கை தெரிகிறது. ரைட் என்ற பெயர் ஊருக்குப் பத்துப் பேருக்கு இருந்ததால், முதற்பெயர் யாரோடும் குழம்பாததாக இருக்க வேண்டும் என்று விரும்பினார். நடுப்பெயர் யாருக்கும் வைக்கவில்லை. ரூக்லின் என்பது பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர் ஒருவரின் பெயர். வில்பர் ஃபிஸ்க், ஆர்வில் டூயி இருவரும் மில்டன் மதித்த போதகர்கள். வில்பர் ஃபிஸ்க் மெதடிஸ்ட், ஆர்வில் டூயி யூனிடேரியன். இருவருமே அவர் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். சொந்தச் சபைக்குள் கறாராக நின்ற மனிதருக்குப் படிப்பில் அப்படி வேலி இருக்கவில்லை. நூறு ஆண்டு கழித்துத் தேடுகிறவனுக்கு இந்தப் பெயர்கள் பெரிய வரம். ஜான் ரைட் என்று வைத்திருந்தால் எத்தனை ஜான்களுக்குள் தேடுவது?

இரண்டு பெயர்கள் மட்டும் எந்த வாழ்க்கை வரலாற்றிலும் ஒரு வரிக்கு மேல் வருவதில்லை. ஓட்டிஸ், ஐடா. 1870 பிப்ரவரியில் டேட்டனில் பிறந்த இரட்டைக் குழந்தைகள்; பச்சிளம் பருவத்திலேயே போய்விட்டார்கள். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பு ஜூன் 1ஆம் தேதி உயிரோடிருந்தவர்களைத்தான் எண்ணியது. அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் இறந்தவர்களுக்கு மரணப் பட்டியல் என்று தனித் தாள் இருந்தது. பெயர், வயது, மாதம், காரணம். இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடையே பிறந்து இறந்த குழந்தைகளைத் தேடுகிறவர்கள் முதலில் புரட்ட வேண்டிய தாள் அது. மறுவருடம் 1871 ஆகஸ்ட் 19 ஆர்வில் பிறந்தார். மூன்று ஆண்டு கழித்து அதே தேதியில் கேதரின். பூட்டியின் பெயர், அம்மாவின் பெயர், சூசனின் நடுப்பெயர், கடைக்குட்டியின் பெயர் எல்லாம் ஒன்றுதான். கடைக்குட்டியின் எழுத்துக்கூட்டல் மட்டும் சற்று மாறியது. பிள்ளைகளில் கல்லூரிப் பட்டம் வாங்கியவர் அவர் ஒருவரே. 1898இல் ஓபர்லினில் முடித்தார். 1914 அக்டோபரில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு டேட்டனில் ஊர்வலம் போனபோது, 85 வயது மில்டன், மகள் கேதரினோடும் ஆர்விலோடும் தெருவில் நடந்தார்.

இந்தக் குடும்பத்துக் காகிதங்கள் ஒருமுறை ஆற்றோடு போயிருக்க வேண்டியவை. 1913 மார்ச் 25 அன்று கிரேட் மியாமி கரை உடைத்து டேட்டனுக்குள் புகுந்தது. ஹாதார்ன் தெருவில் ஏழாம் எண் வீட்டிலிருந்து கிழவரைப் படகில் ஏற்றிக் காப்பாற்றினார்கள். கிட்டி ஹாக்கில் எடுத்த கண்ணாடி நெகட்டிவ்கள் சேற்றில் ஊறின. முதல் பறத்தலைக் காட்டும் நெகட்டிவின் ஓரமும் கெட்டுப்போனது. நாட்குறிப்புகள் தப்பின.

அந்த நாட்குறிப்புகளில் 1889ஆம் ஆண்டுப் பக்கங்கள் தனியாகப் படிக்க வேண்டியவை. மே மாதம் பென்சில்வேனியாவின் யார்க் நகரில் சபையின் பொது மாநாடு கூடியது. ரகசியச் சங்கத்தாரையும் சபையில் சேர்க்கலாம் என்று பெரும்பான்மை முடிவெடுத்தது. ஆறு பேராயர்களில் ஒரே ஒருவர் எழுந்து வெளியே நடந்தார், மில்டன் ரைட். வீட்டில் சூசன் காசநோயில் படுத்திருந்தார். வில்பர் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜூலை 4 அன்று சூசன் இறந்தார். சபை உடைந்ததும் வீடு உடைந்ததும் எட்டு வாரத்துக்குள். யார்க் மாநாட்டில் என்ன நடந்தது, சொத்து வழக்குகள் எந்தெந்த மாநில நீதிமன்றங்களுக்குப் போயின என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)